வாசிப்புகள்

சுபஹு. இன்னும் இருட்டு.

மருதமுனையில் பாங்கு ஒரு திசையிலிருந்து வருவதில்லை. பக்கத்துப் பள்ளி முதலில். பிறகு கடற்கரைப் பக்கம். பிறகு வடக்கே எங்கோ ஒன்று, காற்று விட்டுக்கொடுத்தால்.

எல்லாப் பள்ளியிலும் ஒரே நொடியில் தொடங்கினாலும் காதில் ஒன்றாக விழாது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கிறது.

ஒரே அழைப்பு. வெவ்வேறு தூரங்கள்.

சீமெந்துத் தரை குளிர்ந்திருக்கிறது. பாதம் அதை முதலில் அறிகிறது.

*

தறிச் சத்தம். எங்கள் கொட்டிலில் ஒன்று. அடுத்த வளவில் ஒன்று.

இரண்டும் ஒரே வேகமில்லை. சில கணம் இரண்டு அடியும் சேர்ந்து ஒன்றாகிறது. பிறகு மெல்ல விலகுகிறது. ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது விழுகிறது. பிறகு மறுபடியும் சேருகிறது.

ஆய்வுகூடத்தில் இதையே இரண்டு இசைக்கவைகளில் கேட்கிறோம். ஒன்றின் நுனியில் சிறிது மெழுகு. இரண்டையும் தட்டி மேசையில் ஊன்றினால் ஒலி பெருக்கிறது, சிறுக்கிறது, பெருக்கிறது. ஒரு செக்கனில் எத்தனை தடவை பெருக்கிறதோ, அதுவே இரண்டு மீடிறன்களின் வித்தியாசம்.

வாப்பாவிடம் சொல்கிறேன். கால் மிதியிலிருந்து எடுக்காமல் கேட்கிறார்.

"அவன்ட தறி பிந்தித்தான் வரும் மகள்."

*

பஸ். கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு.

காரைதீவுச் சந்தியில் பஸ் மேற்கே திரும்புகிறது. கடல் முதுகுக்குப் போகிறது.

சந்தியில் விபுலாநந்தரின் சிலை. வெயில், மழை, பஸ் புகை.

*

1892-ல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம். கல்முனையில் கொஞ்சம் படிப்பு, மட்டக்களப்பில் கொஞ்சம். கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா, 1916-ல். அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். அதற்குப் பிறகுதான் காவி, விபுலாநந்தர் என்ற பெயர்.

அவருடைய 'யாழ் நூல்' 1947-ல் வெளிவருகிறது. அதே வருடம் ஜூலையில் அவர் மறைகிறார்.

நூலுக்குள் பண் இருக்கிறது. நரம்பின் நீளமும் இருக்கிறது. குரலிலிருந்து இளி, மூன்றுக்கு இரண்டு. குரலிலிருந்து உழை, நான்குக்கு மூன்று. இசை தெரிந்தவர்கள் அதை இசை என்று வாசிக்கிறார்கள். எனக்கு அது சுரமானி.

ஆய்வுகூடத்துச் சுரமானியில் ஒரு கம்பி, இரண்டு பாலங்கள், நுனியில் தொங்கும் படிக்கற்கள். இரண்டாக மடித்த சிறு கடதாசித் துண்டைக் கம்பியின் நடுவில் ஏற்றி வைக்கிறேன். இசைக்கவையைத் தட்டி ஊன்றுகிறேன். ஒன்றும் இல்லை. பாலத்தை ஒரு நூலளவு நகர்த்துகிறேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நூல்.

கடதாசி துள்ளி விழுகிறது.

கம்பி தானாகப் பாடுவது கண்ணுக்குத் தெரியாது. விழுந்த கடதாசி தெரிகிறது.

பரீட்சைக்கு விபுலாநந்தர் தேவைப்படுவதில்லை. பஸ் சந்தியைக் கடக்கும்போது மட்டும் தலை தானாகத் திரும்புகிறது.

*

மாவடிப்பள்ளி. வீதியின் இரண்டு பக்கமும் வட்டை. பெரும்போகத்து நாற்று. கொக்குகள் ஒரு திசை பார்த்து நிற்கின்றன. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை.

யாரும் பேசாத பஸ்.

*

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்குகிறது. 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகம். அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கரையில் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. பிறகு ஒலுவிலில் வளாகம், கடலுக்குப் பக்கத்தில்.

பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். வயலுக்குப் பக்கத்தில்.

கெம்பஸ் என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒலுவில்தான். "சம்மாந்துறையிலயும் இருக்கா?" என்று ராத்தா ஒருத்தி பஸ்ஸில் கேட்கிறார். இருக்கிறது என்கிறேன். அவர் இறங்கிப் போகிறார்.

*

விரிவுரை ஆங்கிலத்தில். கரும்பலகையில் சமன்பாடு ஏறுகிறது.

கை எழுதுகிறது. உள்ளே எண்ணுவது தமிழில்.

இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

*

இருட்டறை. திருசியமானி.

சோடிய விளக்கைப் போட்டதும் அது மஞ்சளாக எரிவதில்லை. முதலில் ஒரு மங்கிய இளஞ்சிவப்பு. சோடியம் சூடாகி ஆவியாகும்வரை அப்படியே இருக்கிறது. அவசரப்படுத்த முடியாது. யாரும் பேசுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை. இருட்டு பேச வேண்டாம் என்கிறது, அவ்வளவுதான்.

மெல்ல மஞ்சள் வருகிறது. கைகள் மஞ்சள். முகங்கள் மஞ்சள். உதடு சாம்பல். செய்முறைக் கொப்பியின் சிவப்புக் கோடு கறுப்பு. வேறு நிறம் அறைக்குள் இல்லை. அந்த ஒளியில் ஒரே ஒரு நிறம்தான் வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டுவதில்லை.

அபாயாவின் கைநுனியை மடித்துவிட்டு மேசையின் திருகாணிகளைத் தொடுகிறேன். மூன்று திருகாணிகள். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடுகிறது. அரியத்தின் ஒரு முகத்தில் பிம்பம் நடுவில் நிற்கிறது, மறு முகத்தில் மேலே ஏறிவிடுகிறது. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

தொலைகாட்டிக்குள் மஞ்சள் கோடு. குறுக்குக் கம்பி அதை நோக்கி நகர்கிறது. மூச்சு விட்டால் கோடு அசைகிறது. உண்மையில் அசைவது என் தலை.

அரியத்தை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். கோடும் ஒரு பக்கமாகப் போகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. பிறகு வந்த வழியே திரும்புகிறது. கை திரும்பவில்லை. கோடு திரும்புகிறது. இழிவு விலகல்.

அந்த இடம்தான் வேண்டும். அங்கே அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வில்லைக்குக் கீழே வேணியரின் கோடுகள். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேருகிறது. கண் ஒன்றைச் சொல்கிறது. மறுபடி பார்த்தால் பக்கத்துக் கோட்டைச் சொல்கிறது.

மூன்றாவது தடவை பார்க்கிறேன். எழுதுகிறேன்.

*

சோடியத்தின் மஞ்சள் ஒன்றல்ல, இரண்டு. 589.0 நனோமீற்றர். 589.6 நனோமீற்றர்.

நல்ல கருவியில் கோடு பிளந்து தெரிகிறது. இடையில் மெல்லிய கறுப்பு.

*

குசினி. உம்மா சோற்றுக்கு உப்புப் போட்டிருக்கிறார். பானை பொங்குகிறது. நுரை வழிந்து அடுப்பில் விழுகிறது.

நீலச் சுவாலை ஒரு கணம் மஞ்சளாகிறது.

அதே மஞ்சள். கடலிலிருந்து வந்த உப்பு, உப்பிலிருந்த சோடியம்.

"பார்த்துக்கொண்டு நிக்கிறா, மூடியத் தூக்கத் தெரியல்ல" என்கிறார் உம்மா.

*

தனியூசல். நூல், குண்டு, தாங்கி, நிறுத்தற்கடிகாரம்.

ஒரு மீற்றர் நீளமான நூல். குண்டைச் சிறிது இழுத்து விடுகிறேன். வலப்பக்கம். இடப்பக்கம். நடுவைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குகிறேன், பூச்சியத்திலிருந்து. நடுவில்தான் அது வேகமாகப் போகிறது, ஆகவே நடுவில்தான் விரல் அதிகம் தவறுவதில்லை. ஓரத்தில் அது நிற்கிற மாதிரி நின்று ஏமாற்றும்.

ஏழு. எட்டு.

எண்ணும்போது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. நினைத்தால் எண் போய்விடும்.

பதினான்கு.

வெளியே யாரோ சிரிக்கிறார்கள். சிரிப்பு வந்து போகிறது. எண் இருக்கிறது.

இருபது.

*

பள்ளிக்கூடக் கணக்கில் ஈர்ப்பு ஆர்முடுகல் 10. கொஞ்சம் கவனமான கணக்கில் 9.81. அனைத்துலக நியமமாக 1901-ல் வைத்துக்கொண்ட பெறுமானம் 9.80665.

கல்முனையில் 9.78.

பூமி சுழல்கிறது, நடுவில் புடைத்திருக்கிறது. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பவர்கள் மையத்திலிருந்து சற்றுத் தூரம். ஆகவே இங்கே எல்லாப் பொருளும் ஒரு கொஞ்சம் மெதுவாக விழுகிறது. தேங்காய். மழை. கையிலிருந்து நழுவும் பேனை.

ஒரு மீற்றர் ஊசலில் இருபது அலைவுக்கு 9.81 என்றால் 40.12 செக்கன். 9.78 என்றால் 40.18 செக்கன். வித்தியாசம் 0.06.

கண் பார்த்து விரல் அழுத்துவதற்கிடையில் அதைவிட அதிக நேரம் போய்விடுகிறது.

ஆகவே ஒரு நீளம் போதாது. நூலைக் குறைத்துக் குறைத்து மறுபடியும் எண்ண வேண்டும். அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்து, புள்ளிகளுக்கிடையே ஒரு கோடு வரைய வேண்டும். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொடாது. தொட்டால் சேர் நம்புவதில்லை.

*

இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில், ஈர்ப்பு சற்றுக் குறைந்த ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. பூமிக்கு வரையப்படும் நீள்வட்ட மாதிரியைவிடக் கடல் மட்டம் அங்கே 106 மீற்றர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு.

கப்பல் எதுவும் சரிவை உணர்வதில்லை. நீர் அந்தப் பக்கம் வழிந்து ஓடுவதில்லை. அங்கே அதுதான் சமம்.

எங்கள் கடலும் அந்தத் தாழ்வுக்குள் அடங்குகிறது. மாலையில் பார்க்கிறேன். தட்டையாக இருக்கிறது.

*

ஆழமற்ற நீரில் அலை. அலைநீளம் ஆழத்தைவிட மிகப் பெரிதென்றால், வேகம் ஈர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். வேறெதுவும் சமன்பாட்டுக்குள் இல்லை.

சேர் ஆழத்துக்கு 4000 மீற்றர் என்று எழுதுகிறார். கல்குலேற்றர்கள் தட்டப்படுகின்றன. செக்கனுக்கு 198 மீற்றர். மணிக்கு எழுநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே.

ஆழம் 10 மீற்றர் என்று எழுதுகிறார். செக்கனுக்கு 10 மீற்றர். வேகம் குறைந்த அலை உயர்ந்தாக வேண்டும். முன்னால் போவது மெதுவாகிறது, பின்னால் வருவது வந்துகொண்டே இருக்கிறது.

வகுப்பில் இருப்பவர்கள் மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது எங்கள் நேரப்படி காலை 6.58-க்கு. இரண்டு மணி நேரம் முடிய முன்னர் நீர் இந்தக் கரையில்.

எந்தப் பெயரும் சொல்லப்படுவதில்லை. சேர் அடுத்த வரியை எழுதுகிறார். நாங்களும் எழுதுகிறோம்.

மின்விசிறி சுற்றுகிறது.

*

ஒரு வரி இடம் விட்டு, கொப்பியில் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறேன்.

*

2019 டிசம்பர் 26. சூரிய கிரகணம். அதே திகதி.

யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சூரியன் மோதிரமாகிறது. இங்கே மோதிரம் இல்லை, பிறை.

பள்ளியில் கிரகணத் தொழுகைக்கு அறிவிக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் போனவர்களுக்காகச் சில வீடுகளில் கத்தம் ஓதுகிறார்கள். இரண்டு ஓசையும் ஒரே ஒழுங்கைக்குள்.

வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறேன். இலைகளுக்கிடையே விழும் ஒளிப் பொட்டுகள் வழக்கமாக வட்டம். இன்று ஒவ்வொன்றும் பிறை. மணலில் நூறு பிறை. என் சால்வையில் நாலைந்து. தம்பியின் முதுகில் இரண்டு.

இலைகளின் இடைவெளிக்கு வடிவம் இல்லை. ஒளி வருகிற இடத்தின் வடிவம்தான் கீழே விழுகிறது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் ஆயிரம் வருடத்துக்கு முன் இதைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். கிரகணத்தின்போது சிறு துளை வழியாக விழும் பிறை பற்றி. துளை எவ்வளவு பெரிதானால் பிறை கெடும் என்பது பற்றி. மதரஸாவில் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஒளியியல் வகுப்பில்தான் கேட்கிறேன்.

தம்பி அசைகிறான். பிறைகள் முதுகிலிருந்து தோளுக்குப் போகின்றன.

*

பெட்டிக்குள் துணிக்கை. சொட்டுப் பௌதிகத்தின் முதல் கணக்கு. சுவர்கள் முடிவிலி உயரம். உள்ளே ஒன்றும் இல்லை, துணிக்கை மட்டும்.

அதன் மிகக் குறைந்த சக்தி பூச்சியமல்ல. எவ்வளவு குளிர்வித்தாலும், எவ்வளவு காத்திருந்தாலும். பெட்டி எவ்வளவு சிறிதோ அவ்வளவு பதற்றம்.

இதை வைத்து மனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. துணிக்கை துணிக்கைதான்.

விடுதியில் அடுத்த அறையில் யாரோ பீங்கான் கழுவுகிறார்கள்.

*

2022 மார்ச். மின்வெட்டு. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்.

குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. வரிசையில் நின்றும் இல்லை. மொட்டைமாடியில் பாய் போட்டுக் கிடக்கிறோம்.

வானம் இறங்கி வந்திருக்கிறது. கல்முனையின் வெளிச்சம் இல்லாதபோது இவ்வளவு நட்சத்திரங்கள் என்று உம்மா சொல்கிறார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்கிறார்.

சிரியஸ். அதன் ஒளி எட்டரை வருடத்துக்குச் சற்று முன்னதாகப் புறப்பட்டது. தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். அதன் ஒளி புறப்பட்டது ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன். அப்போது மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர்.

இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வருகின்றன.

நுளம்பு. கை தட்டுகிறது. ஒளி வந்துகொண்டிருக்கிறது.

*

றமழான் தலைப்பிறை. ஆண்கள் வெளிகளில் நின்று மேற்கே பார்க்கிறார்கள். நாங்கள் மொட்டைமாடியில்.

சூரியன் வயல்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேகம் ஒரு கீற்று. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் ஏழு பாகைக்குக் குறைவென்றால் வெறுங்கண்ணுக்குப் பிறை தென்படாது என்று பிரெஞ்சு வானியலாளர் டாஞ்சன் கண்டிருக்கிறார். இன்றைக்கு எத்தனை பாகை என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சொல்லவில்லை.

கணக்கு இருக்கிறது. கண் தேடுகிறது. இரண்டும் ஒரே நெற்றிக்குள்.

"கண்டாங்களாமா?" கீழேயிருந்து உம்மா.

கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்கு வானொலி காத்திருக்கிறது. நடுவில் ஒரு விளம்பரம்.

*

கரைவலை. வடத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள். ஒரு குரல் எடுக்கிறது, மற்றவை விழுகின்றன. கால்கள் மணலில் பின்னோக்கி.

நேராக இழுக்கிறார்கள். வலை நேராக வருவதில்லை. நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஆட்களும் அறியாமல் கரையோரமாக நகர்கிறார்கள். தொடங்கிய இடம் எது என்று தோணியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

ஒலுவில் துறைமுகம் 2013-ல் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீளும் கல் அணைகள்.

அலை கரைக்குச் சாய்வாக வருகிறது. சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணல் ஒரு விரல் அளவு வடக்கே. கோடி மணல், ஓயாத அலை. அந்தக் கரையே நடந்துகொண்டிருக்கிறது.

அணை அதை நிறுத்துகிறது. தெற்கே மணல் குவிகிறது. துறைமுக வாயிலுக்குள்ளும் மணல். வடக்கே வர வேண்டிய மணல் வருவதில்லை, போக வேண்டிய மணல் மட்டும் போகிறது.

தென்னைகள் கடலுக்குச் சாய்ந்து கிடக்கின்றன. வேர் வெளியே. வேரைத் தொடுகிறேன். ஈரம், உப்பு, நார்.

இது அலைகள் பற்றிய பாடத்தில் ஒரு பக்கத்துக் கணக்கு. கடினமான கணக்குமல்ல.

*

பட்டமளிப்பு. கறுப்பு அங்கி வாடகைக்கு. வாப்பா புதுச் சாரம் உடுத்தியிருக்கிறார், தானே நெய்தது.

புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்கிறார்.

*

ஓர் அலுவலகம். நேர்முகப் பரீட்சை. குளிரூட்டியின் சத்தம், ஏறக்குறைய 50 ஏற்ஸின் முழக்கம்.

"பௌதிகவியலா? அப்ப கொம்பியூட்டர் தெரியுமா?"

தெரியும் என்கிறேன்.

கோவையை மூடுகிறார்கள். குளிரூட்டி தொடர்கிறது.

*

2024 நவம்பர் 26. மாரி. வட்டைகள் தெரிவதில்லை, ஒரே நீர்.

மதரஸாவிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் வெள்ளத்தில் இழுபடுகிறது. சில பிள்ளைகள் வீடு வந்து சேரவில்லை.

நீர் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சில்லு அமிழ்ந்த அளவுக்கு மேலுதைப்பு, அந்த அளவுக்கு வீதியின் பிடி குறைகிறது.

எழுதியதைப் பார்க்கிறேன். சரியாக இருக்கிறது. வேறு ஒன்றும் செய்வதில்லை அது.

கல்முனையில் மழை விடவில்லை.

*

ஓர் ஆளில்லாத மதியம்.

சன்னல் கம்பியின் நிழல் தரையில். பார்க்கும்போது அசைவதில்லை. ஒரு குவளை பிளேன்டீ குடித்துவிட்டுப் பார்த்தால் ஒரு விரல் தள்ளி இருக்கிறது.

பிளேன்டீ ஆறுவதும் அப்படித்தான். தொடக்கத்தில் விரைவாக, பிறகு மெதுவாக. அறையின் வெப்பநிலையை நெருங்க நெருங்க இன்னும் மெதுவாக. நியூற்றனின் விதிப்படி அது ஒருபோதும் முழுதாகச் சேர்வதில்லை.

குவளை ஆறிவிட்டது.

*

விறாந்தையில் வகுப்பு. உயர்தரப் பிள்ளைகள். எல்லாரும் பெண் பிள்ளைகள். சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

கொப்பிகளில் கடந்தகால வினாத்தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேணியர் இடுக்குமானியின் படம். படத்தில் வாசிப்பு எடுக்கிறார்கள். விரைவாக எடுக்கிறார்கள், சரியாகவும். இடுக்குமானியை ஒருத்தி மட்டும் கையில் பிடித்திருக்கிறாள். அதுவும் ஒரே ஒரு தடவை, பாடசாலையில், ஏழெட்டுப் பேருக்கு ஒன்று.

வளையில் நூல் கட்டுகிறேன். வாப்பாவின் தறி நூல், மூன்று இழை முறுக்கியது. குண்டுக்கு, தறிப் பாரத்துக்கு வைத்திருந்த ஒரு பழைய இரும்புக் கட்டி. நீளத்தைக் குண்டின் நடு வரைக்கும் அளக்கிறோம்.

நிறுத்தற்கடிகாரம் தொலைபேசியில். அது செக்கனின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. விரல் அவ்வளவு காட்டாது என்கிறேன். ஒருத்தி விரலைப் பார்க்கிறாள்.

விடுகிறோம். நடுவில் பூச்சியம்.

தறி ஒருபக்கம் அடித்துக்கொண்டிருக்கிறது. ஊசல் அதோடு சேர்வதில்லை. சிறியவள் தறியை எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்துகிறாள், மறுபடி ஊசலுக்கு வருகிறாள். உதடுகள் அசைகின்றன. குரல் இல்லை.

ஒருத்திக்கு இருபது. ஒருத்திக்குப் பத்தொன்பது. திரும்பவும் விடுகிறோம்.

முதல் விடை 9.6. அடுத்தது 9.9. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், எது சரி என்று. இரண்டையும் எழுதச் சொல்கிறேன். நூலைக் குறைத்து மீண்டும்.

மஃரிபுக்குள் ஐந்து நீளம் முடிகிறது. வரைபுத் தாளில் ஐந்து புள்ளிகள், பென்சிலால். கோடு இன்னும் போடவில்லை. உம்மா பிளேன்டீ கொண்டுவருகிறார், ஒரு பிள்ளை தட்டை வாங்கிக்கொள்கிறாள்.

உயர்தரப் பௌதிகவியலுக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செய்முறை பற்றிய கேள்விகள் அங்கே வருகின்றன, படமாக. செய்முறைப் பரீட்சை கிடையாது.